தேயிலைப் பெட்டியில் வந்தவர்

கல்பாத்தியில் பஸ் ஏறி, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று மாறி மாறி மூணாறு வந்து, அங்கிருந்து ஒரு தேயிலைக் கொழுந்து லாரியின் முன்சீட்டில் ஒண்டி உட்கார்ந்து, சூரியநெல்லிக்கு அப்பால் உள்ள எஸ்டேட்டில் அகிலாண்டம் இறங்கியபோது, பகலா சாயங்காலமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. 1957 ஜூன் மாதம். மூடுபனி தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டாள். டிரைவர் வெறும் வெள்ளையைப் பார்த்துக் கையை நீட்டி, "அந்தா" என்றான்.

அவளுக்கு வயது இருபத்தேழு. அப்பா யக்ஞநாராயணன் ஒலவக்கோடு ரயில் நிலையத்தில் கிளார்க். வாத்தியார் வேலைக்குப் படித்த பெண் வேண்டாம் என்று இரண்டு வரன்கள் தட்டிப்போன பிறகு, மூன்றாவது வரனுக்காகக் காத்திருக்க அவளுக்கு மனமில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்க மலைக்குப் போக ஆள் கிடைக்காமல் திண்டாடிய நேரம் அது. உத்தரவு வந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியோடு புறப்பட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடம் முன்பு தேயிலைக் கிடங்காக இருந்த தகரக் கொட்டகை. தலைமையாசிரியர் ஆறுமுகசாமி போடிக்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. மூன்றாம் வகுப்பு வரை அவர் பார்த்துக்கொண்டார். நாலும் ஐந்தும் அகிலாண்டத்துக்கு. குடியிருக்க ஒரு குவார்ட்டர்ஸில் பாதி கிடைத்தது. மறுபாதியில் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் புஷ்பமேரி இருந்தாள். சமையல் தனித்தனி, பேச்சு ஒன்றாக.

அகிலாண்டத்துக்குப் பிடித்த பாடம் விஞ்ஞானம். புத்தகத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் போவது அவளுக்கு ஆகாது. நீராவி என்றால் கெட்டிலைக் கொதிக்க வைப்பாள். வேர் என்றால் செடியைப் பிடுங்கிக்கொண்டு வருவாள். ஆடி மாதம் "நம் உடல்" என்ற பாடம் வந்தது. புத்தகத்தில் இருந்த எலும்புக்கூட்டுப் படம் மை அப்பிக் கரும்பூதமாகத் தெரிந்தது.

"புஷ்பமேரி, ஆஸ்பத்திரியிலே எலும்புக்கூடு படம் ஏதாவது கிடக்கறதா? பசங்களுக்குக் காட்டணும்" என்று கேட்டாள்.

புஷ்பமேரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "படம் எதுக்கு டீச்சர்? ஆளே இருக்காரு" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் மாற்றலாகிப் போன டாக்டர் விட்டுச்சென்ற எலும்புக்கூட்டுப் பெட்டி அது. ஆஸ்பத்திரி கிடங்கில் மூலையில் கிடந்தது. இப்போதைய டாக்டருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு என்றதும் மறுநாளே கொடுத்தனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரித் தோட்டி சோலை அதைத் தோளில் சுமந்து வந்தான். ஒரு சாதாரணத் தேயிலைப் பெட்டி. கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டிருந்தது. சோலை அதை மெல்ல இறக்கி வைத்தான், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல. சாவியைக் கொடுத்தும் போகாமல் நின்றான்.

"என்ன சோலை?"

"ஒண்ணுமில்ல டீச்சரம்மா. கால் மாட்டை வாசப் பக்கம் வச்சிராதீக" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

பிள்ளைகள் போன பிறகு அகிலாண்டம் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஈயத்தாள். அதற்குள் பழைய கம்பளி. கம்பளிக்குள் ஒரு மனிதன், துண்டு துண்டாக. பிறந்ததிலிருந்து தீட்டு என்றும் மடி என்றும் கேட்டு வளர்ந்த கை ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு தொடை எலும்பை எடுத்தாள். அந்தக் கொட்டகையில் கரும்பலகை, பெஞ்சு, சுவர் எல்லாமே ஈரம் சொட்டிச் சில்லிட்டிருக்கும். எலும்பு மட்டும் சில்லிடவில்லை. வெயிலில் கிடந்த விறகுபோல உலர்ந்து, மிதமான சூட்டோடு இருந்தது. கம்பளியில் சுற்றியிருந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று இரவு வெந்நீரில் தலை முழுகிவிட்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். பதில் பத்து நாளில் வந்தது. "தொட்டால் குளி. மற்றபடி பாடம் பாடம்தான், தோஷமில்லை. ஆனால் அது யாரோ ஒருவருடையது, ஓர்மை இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார்.

பிள்ளைகள் இரண்டு நாள் பயந்தார்கள். மூன்றாம் நாள் மண்டை ஓட்டைத் தொட்டுப் பார்க்க அடித்துக்கொண்டார்கள். விலா எலும்பு, காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு என்று தகரக் கூரை அதிரக் கத்திக் கற்றுக்கொண்டார்கள். அகிலாண்டத்துக்கு அந்த எலும்புக்கூட்டில் ரொம்பவும் உபயோகப்பட்டது இடது முன்கை. இரண்டு எலும்பில் ஒன்று எப்போதோ முறிந்து, கோணலாகச் சேர்ந்திருந்தது. சேர்ந்த இடத்தில் ஒரு கட்டி, களாக்காய் அளவுக்கு.

"பாத்தேளா? ஒடஞ்ச எடத்திலே தானே வளந்து ஒட்டிண்டிருக்கு. எலும்புன்னா கல் இல்லே. அதுக்கு உயிர் உண்டு" என்றாள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "இப்பவும் இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.

"என்னது?"

"உயிரு."

இல்லை என்று சொல்ல அகிலாண்டத்துக்கு ஒரு நொடி ஆயிற்று. அந்த ஒரு நொடியில் பிள்ளைகள் அத்தனை பேரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வாரம்தான் அது நடந்தது. காலையில் அவள் கொட்டகைக் கதவைத் திறந்தபோது இடது முன்கை எலும்புகள் இரண்டும் பெட்டியின் மூடிமேல் இருந்தன. பக்கத்துப் பக்கத்தில், ஒழுங்காக. விரல் பக்கம் சன்னலைப் பார்த்து இருந்தது. சன்னலுக்கு வெளியே சரிவு, சரிவுக்குக் கீழே மலையேறி வரும் ரோடு. பெட்டியின் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சாவி அவள் முந்தானை முடிச்சில்.

தான்தான் உள்ளே வைக்க மறந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டாள். மறுநாள் கவனமாக எண்ணி வைத்துப் பூட்டினாள். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை, மறுபடி மூடிமேல் கை. அடுத்த வாரமும் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே திசை.

ஆறுமுகசாமியிடம் சொன்னாள். அவர் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, "எலியா இருக்கும்மா" என்றார்.

"எலி பூட்டைத் தெறந்து எடுத்துட்டுப் பூட்டிட்டுப் போறதா சார்?"

"அப்ப எலின்னே வச்சுக்குங்க. வேற எதையாவது வச்சுக்கிட்டா இந்த மலையில நீங்க வேலை பாக்க முடியாது" என்றார் அவர்.

ஆவணி கடைசியில் முத்துப்பேச்சி வந்து சேர்ந்தாள். ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. பத்து மைலுக்கு அப்பால் உள்ள எஸ்டேட்டின் வேறொரு டிவிஷனில் இருந்து அவள் அம்மா குருவம்மாளை இந்தப் பக்கம் கொழுந்தெடுக்க மாற்றியிருந்தார்கள். அப்பா இல்லையா என்று அகிலாண்டம் கேட்டாள். கூட வந்த பெண்தான், "அவ புருசன் ஓடிப்போய் அஞ்சு வருசமாச்சு டீச்சரம்மா. போடியில எவளோடயோ இருக்கானாம்" என்றாள். குருவம்மாள் தரையைப் பார்த்தபடி நின்றாள். கழுத்தில் தாலிக்கயிறு புது மஞ்சளாக இருந்தது.

முத்துப்பேச்சி வந்த பிறகு முன்கை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அகிலாண்டத்துக்கு அது பிறகுதான் உறைத்தது.

அந்தப் பெண் யாரோடும் பேசமாட்டாள். நாலு நாள் போயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. வகுப்பு இருட்டிப்போனதால் கரும்பலகையில் எழுதினாலும் தெரியாது. கையால் தடவித் தெரிந்துகொள்ளும் பாடம் நடத்தலாம் என்று அகிலாண்டம் முன்கை எலும்பை எடுத்து, "கண்ணை மூடிண்டு தடவிப் பாருங்கோ. ஒடஞ்ச எடம் எதுன்னு சொல்லுங்கோ" என்று வரிசையில் விட்டாள். எலும்பு கை மாறிக் கை மாறிப் போயிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி வரிசைக்குப் போனது திரும்பவில்லை.

முத்துப்பேச்சி அதை மடியில் வைத்திருந்தாள். கண் மூடியே இருந்தது. விரல்கள் கட்டியின்மேல் நின்றன. பிறகு மெல்லக் குனிந்து, எலும்பைப் பெஞ்சுமேல் வைத்து, கட்டி இருந்த இடத்தில் கன்னத்தை அழுத்தித் தலை சாய்த்துக்கொண்டாள்.

"முத்துப்பேச்சி, எழுந்திரு. அதைக் குடு."

அவள் எழுந்திருக்கவில்லை. "இது எங்கய்யா கை" என்றாள். அவள் குரலை வகுப்பு முதல்முறையாகக் கேட்டது.

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அகிலாண்டம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எல்லாருக்கும் எலும்பு இப்பிடித்தான் இருக்கும் குழந்தே."

"இல்ல டீச்சர். எங்கய்யா கையிலதான் நான் தல வச்சுப் படுப்பேன். இங்கன குத்தும். நான் தள்ளித் தள்ளிப் படுப்பேன். அங்கனயும் குத்தும்." கண்ணைத் திறந்து டீச்சரைப் பார்த்தாள். அழவில்லை. "இப்பவும் அதே எடத்துலதான் குத்துது."

பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் பயப்படக்கூடாது என்று அகிலாண்டம் பல்லைக் கடித்துக்கொண்டு, எலும்பை வாங்கி, பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வகுப்பை அரை மணி முன்னதாக விட்டாள்.

மறுநாள் மதியச் சோற்று நேரத்தில் குருவம்மாள் வந்தாள். தலையில் மழைக்கு மடித்துப் போட்ட கம்பளிக் கொங்காணி, முதுகில் கூடை. கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். பிள்ளைகள் வெளியே இருந்தார்கள்.

"புள்ள ராத்திரி பூரா ஒண்ணையே சொல்லுதா டீச்சரம்மா. நான் ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

அகிலாண்டம் பெட்டியைத் திறந்தாள். குருவம்மாள் கையைப் பார்க்கவில்லை. "வாய்ப் பக்கம் எடுங்க" என்றாள். அகிலாண்டம் மண்டை ஓட்டையும் தாடையையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். குருவம்மாள் விரலால் மேல்வரிசைப் பற்களைத் தடவிக்கொண்டே போனாள். முன்பல் ஒன்றில் ஓரம் சில்லுப் பெயர்ந்திருந்தது. விரல் அங்கே நின்றது.

"சோடாப் பாட்டில பல்லால தெறப்பாக. வேண்டாம் வேண்டாம்னு சொல்லுவேன். எங்க கல்யாணத்தன்னைக்குத்தான் ஒடஞ்சுது" என்றாள்.

சன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து மேஜைக் காலைச் சுற்றியது.

"எத்தன நாளா இங்க இருக்காக?"

"ஆடி மாசத்திலேருந்து."

"புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாகளா?"

அகிலாண்டம், "ஆமாம்" என்றாள்.

"நீங்க கையால தொட்டுத்தான் எடுப்பீகளா?"

"ஆமாம்."

குருவம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அவுக இருந்தப்ப உங்க தெருவுல நடக்கக்கூட விட்டிருக்க மாட்டாக" என்றாள். குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அகிலாண்டம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே புஷ்பமேரி சோலையை அழைத்து வந்தாள். அவன் குவார்ட்டர்ஸ் படிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான். ஐந்து வருஷத்துக்கு முன் அம்மை பரவிய நேரம். போடியிலிருந்து ஏறி வரும் கீழ்ரோட்டில், வெகுதூரம் கீழே, ஓர் ஆள் விழுந்து கிடப்பதாகத் தகவல் வந்து, சோலையும் இன்னும் சிலரும் போய்த் தூக்கி வந்தார்கள். உடம்பு முழுக்கக் கொப்புளம், முகமே முகமாக இல்லை. பேர் சொல்ல வாய் வரவில்லை. தனிக் கொட்டகையில் போட்டார்கள். சோலையைத் தவிர யாரும் கிட்டே போகவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதைத்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, அப்போதிருந்த டாக்டர் எலும்புக்கூடு வேண்டும் என்று அந்த இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார்.

"தோண்டுனேன். சுண்ணாம்புத் தண்ணில கழுவுனேன். அநாதைப் பொணந்தானேன்னு சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன் தாயி."

குருவம்மாளையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கீழ்ரோட்டுல விழுந்து கெடந்தாகளே. ஏறிக்கிட்டா, எறங்கிக்கிட்டா?"

சோலை யோசிக்கவே இல்லை. "ஏறித்தான் வந்திருக்காரு. தலை மேட்டுப் பக்கம் இருந்துச்சு. கையில ஒரு துணி மூட்டை. சின்னப் புள்ள போடுற செவப்புக் கவுனு ஒண்ணு இருந்துச்சு அதுல. அம்மைத் துணின்னு எரிச்சுட்டோம்."

குருவம்மாள் மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். தங்கச்சி வீட்டுச் சாவுக்குப் போகிறேன் என்று போடிக்குப் போன அவள் புருஷன் சுடலை, எட்டு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன், வந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். "அஞ்சு வருசமா ஏசிக்கிட்டுக் கெடந்தேனே" என்றாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தமே வெளியே வரவில்லை.

அகிலாண்டம் முத்துப்பேச்சியைத் தனியாக அழைத்துக் கேட்டாள். "நீ எப்பவாவது இந்தப் பெட்டியைத் தெறந்தியா? ஆடி மாசம், காத்தாலே, யாருக்கும் தெரியாம வந்து? நான் கோவிச்சுக்க மாட்டேன்."

முத்துப்பேச்சி புரியாமல் பார்த்தாள். "ஆடி மாசம் நாங்க இங்க வரவே இல்லையே டீச்சர். அங்கனல்ல இருந்தோம்" என்று கைகாட்டினாள். சன்னலுக்கு வெளியே, சரிவுக்குக் கீழே, ரோடு வந்த திசையை.

ஆறுமுகசாமி விஷயம் கேட்டதும் பதறினார். அது பள்ளிக்கூடத்துச் சாமான், மேலிடத்தில் கேட்காமல் ஒரு விரலைக்கூட வெளியே கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரி மேல் பேச்சு வந்தால் எஸ்டேட்டில் யாருக்கும் நல்லதில்லை என்றார். அகிலாண்டம் பொறுமையாகக் கேட்டாள்.

"சாமானுக்குப் பொண்டாட்டி உண்டா சார்? நான் ஞாயத்துக்கெழமை குடுக்கப் போறேன். நீங்க அன்னிக்கு ஊரிலே இல்லேன்னு வச்சுக்கோங்கோ" என்றாள்.

அவர் அப்படியே வைத்துக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம் போடிக்குப் போய்விட்டார்.

புரட்டாசி ஞாயிறு, காலை எட்டு மணி. ஓடைக்கு அந்தப் பக்கம் லயத்து ஆட்களின் மயானம். லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். பறைச் சத்தம் பனியில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. குழி வெட்டி, புதுக் கோடித் துணி விரித்தாயிற்று. சோலை பெட்டியை இறக்கி வைத்தான். அங்கேதான் எல்லோரும் நின்றுவிட்டார்கள். இப்படிக் குவியலாகக் கொட்டியா புதைப்பது? ஆளாகக் கிடத்த வேண்டும். எது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

பெரியவர் ஒருவர் அகிலாண்டத்தைப் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் செருப்பைக் கழற்றினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். மண் சில்லென்று காலைக் கவ்வியது. "குடு" என்று கையை நீட்டினாள். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் பெட்டியைச் சுற்றி நின்றன. யாரும் சொல்லாமலே, முதல் எலும்பை எடுத்துக் கொடுத்த பெண் உரக்கச் சொன்னாள்: "மண்டை ஓடு."

மற்ற பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். "மண்டை ஓடு."

"தாடை எலும்பு."

"தாடை எலும்பு."

பறை நின்றுவிட்டது. காறை எலும்பு இரண்டு. தோள்பட்டை எலும்பு இரண்டு. முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகக் கொடுத்தார்கள், ஒவ்வொரு கணுவாக அவள் வைத்தாள். விலா எலும்பு இடம் பன்னிரண்டு, வலம் பன்னிரண்டு. பிள்ளைகளின் குரல் பாடம் ஒப்பிக்கும் அதே ராகத்தில் போயிற்று. பெரியவர்கள் அதை மந்திரம்போலக் கேட்டுக் கைகூப்பி நின்றார்கள். குழியில் வெள்ளைத் துணிமேல் ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக நீளமாகிக்கொண்டே வந்தான். தொடை எலும்பை வைத்தபோது, அவன் நல்ல உயரம் என்று அகிலாண்டத்துக்குத் தெரிந்தது. அத்தனை நாள் பாடம் நடத்தியும் அது அவளுக்குத் தோன்றியதில்லை.

இடது முன்கையை முத்துப்பேச்சி கொடுத்தாள். பெயர் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளும் சொல்லவில்லை. அகிலாண்டம் வாங்கினாள். அது சூடாக இருந்தது. குழந்தையின் கைச்சூடு என்று நினைத்துக்கொண்டாள். வைத்துவிட்டு எழுந்தபோது அவளுடைய இடது மணிக்கட்டை யாரோ லேசாகப் பிடித்து விட்டதுபோல இருந்தது. குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. புடவைத் தலைப்பு, ஈரம், மண். சோலை கைகொடுத்து மேலே தூக்கினான்.

குருவம்மாள் முதல் பிடி மண்ணைப் போட்டாள். அதன் பிறகு கழுத்துக் கயிற்றை அவளே கழற்றினாள்.

தை மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். எலும்புக்கூடு எங்கே என்று கேட்டார்.

"அவரை வீட்டுக்காரா வந்து அழைச்சுண்டு போயிட்டா" என்றாள் அகிலாண்டம்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை ஒன்றும் விடாமல் நாலு பக்கம் எழுதி அனுப்பினாள். முன்கை மூடிமேல் கிடந்ததையும் எழுதினாள். பதில் வரவே இல்லை. புதைத்த இடத்தை டாக்டர் தோண்டச் சொன்னதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

அகிலாண்டம் அந்தப் பள்ளியில் பதினோரு வருஷம் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "நம் உடல்" பாடம் வரும்போது பிள்ளைகளை அவரவர் கையைத் தடவிப் பார்க்கச் சொல்லி நடத்தினாள். வேறு எலும்புக்கூடு தருகிறோம் என்று ஒருமுறை கடிதம் வந்தது. யாருடையது என்று தெரிந்தால் அனுப்பவும் என்று பதில் எழுதினாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

முத்துப்பேச்சி ஐந்தாம் வகுப்பு முடித்ததும் கொழுந்துக்குப் போனாள். மேலே படிக்க வைக்கும்படி அகிலாண்டம் இரண்டு தடவை லயத்துக்குப் போய்க் கேட்டாள். "ஒத்தக் கைச் சம்பளத்துல எங்கன டீச்சரம்மா" என்று குருவம்மாள் மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

பள்ளிக்கு மேல்சரிவில் பெண்கள் கொழுந்தெடுக்கும் நாட்களில், பனி இறங்கிவிட்டால் ஆள் முகம் தெரியாது. கொட்டகைக்குள் பிள்ளைகள் எலும்புகளின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். எங்காவது ஒரு பெயர் மறந்து வகுப்பு தடுமாறி நிற்கும். அப்போது மேலே, வெள்ளைக்குள்ளிருந்து, ஒரு பெண்குரல் அந்தப் பெயரைச் சொல்லும். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவார்கள். அகிலாண்டம் பாடத்தை நிறுத்தாமல் நடத்துவாள்.